துரை குடியிருந்த குடை

ஆனி பிறப்பதற்கு முன்பே சாரல் இறங்கிவிட்ட வருஷம் அது. மேற்கே மலை இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத மாதிரி மேகம் மூடிக்கொண்டு, கொடியில் போட்ட துணி ஒன்றுகூடக் காயாமல், தெருவில் எல்லார் வீட்டு உப்பும் ஜாடிக்குள் தண்ணீராய்ப் போயிருந்த ஒரு சாயங்காலத்தில்தான் சட்டநாதன் அண்ணாச்சி வீட்டு நாய் துரை, குழல்வாய்மொழியின் குடைக்குள் போனது. போனது என்றால் போனதேதான். குடைக்கு அடியில் ஒதுங்கியது என்று நான் சொல்லவில்லை. அவள் விரித்தாள், அது பாய்ந்தது, அவள் மடக்கினாள், துரை உள்ளே இருந்தது. எதிர்வீட்டு ஜன்னலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த நான் எல்லாவற்றையும் பார்த்தேன். ஆய்ந்த கீரையைத் தண்ணீரில் போட்டு, தண்டைத் தனியாக எடுத்து வைத்துவிட்டுத்தான் எழுந்து போனேன்.

குழல்வாய்மொழி என்பது குற்றாலத்து அம்மன் பெயர். எங்கள் பக்கத்தில் அந்தப் பெயரில் நிறையப் பேர் உண்டு, எல்லாரையும் குழலி என்று சுருக்கிவிடுவோம். இந்தக் குழலி கூட்டுறவுப் பண்டகசாலையில் வேலை பார்க்கிறவள். கல்யாணம் கட்டிக்கொள்ளவில்லை. ஏன் என்று கேட்கிறவர்களை ஒரு பார்வை பார்ப்பாள், அதற்குப் பிறகு அவர்கள் கேட்பதில்லை. அவளுக்கென்று இருந்த ஒரே ஜீவன் பட்டாணி. பழுப்பு நிறத்தில், பூனையைவிடக் கொஞ்சம் பெரிதாக, ஒரு காது நிமிர்ந்தும் மற்றது மடிந்தும் இருக்கிற நாய். அதற்கு ஒரு கொள்கை இருந்தது. வீட்டுக்குள்ளேயும் கொல்லையிலேயும் தெருவிலேயும் ஒரு சொட்டு மூத்திரம் விடாது. தெருக்கோடியில் வாய்க்கால் கரை, அங்கே பூவரச மரம், அதற்கடியில்தான் எல்லாம். எங்கள் வண்டிப்பேட்டைத் தெருவின் ஆம்பிளைகளுக்கே இல்லாத ஒழுக்கம், என்னத்தைச் சொல்ல.

வாய்க்கால் கரைக்குப் போகிற வழியில்தான் சட்டநாதன் அண்ணாச்சி வீடு. சிமெண்ட் கடை வைத்திருந்தவர், வயசானதும் கடையை மூடிவிட்டு, வீட்டுக்காரியும் போய்ச் சேர்ந்தபின் யாரோடும் பேசாமல் வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். கன்றுக்குட்டி உயரத்துக்கு அந்த நாய். நாள் முழுக்கச் சங்கிலியில் கிடக்கும், சாயங்காலம் கேட்டைத் திறந்துவிடுவார், அது தெருவை ஒரு கலக்குக் கலக்கிவிட்டு வரும். அதை 'அது' என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. "துரை சாப்பிட்டாரு, துரை தூங்குதாரு" என்றுதான் அண்ணாச்சி சொல்வார். பயத்தில் நாங்களும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டோம். பால்காரர் எங்கள் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்திக்கொண்டு, "துரை எந்திரிச்சிட்டாராம்மா?" என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த வீட்டுக்கு நகர்வார்.

அந்தத் துரைதான் சித்திரையில் ஒரு நாள் பட்டாணியின் நிமிர்ந்த காதைக் கடித்துக் கிழித்தது. குழலியின் புடவையெல்லாம் ரத்தம். அண்ணாச்சி நாற்காலியிலிருந்து எழுந்திரிக்காமலே, "துரை விளையாடுதாரு. அவரு யாரையும் ஒண்ணும் செய்யமாட்டாரு" என்றார்.

"விளையாட்டா? எங்க அண்ணாச்சி, ஒங்க காதைக் கொஞ்சம் நீட்டுங்க, நாமளும் விளையாடுவோம்" என்றாள் குழலி.

காது ஆறிவிட்டது, பட்டாணியின் மனசு ஆறவில்லை. வாசலைத் தாண்டாது. மூத்திரத்தை அடக்கிக்கொண்டு நடையில் நின்று நடுங்கும், வயிறு உப்பித் தம்மென்று இருக்கும், முனகும். கால்நடை ஆஸ்பத்திரி டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, "இப்படியே அடக்கிச்சின்னா சிறுநீரகம் கெட்டுப்போகும்மா, நாய் உங்களுக்குத் தங்காது" என்று சொல்லிவிட்டார். குழலி அன்றைக்கு என் வீட்டு அடுக்களையில் உட்கார்ந்து அழுதாள். அவள் அழுது நான் பார்த்ததே இல்லை. எனக்கும் அழுகை வந்துவிட்டது, வெங்காயம் நறுக்குகிறேன் என்று சமாளித்தேன்.

வேறு வழியும் கிடையாது, இந்தப் பக்கம் திரும்பினால் பஸ் ரோடு. குழந்தையைத் தூக்குகிற மாதிரி இடுப்பில் தூக்கிக்கொண்டு போனாள், துரை இடுப்பு உயரத்துக்கு எகிறியது. கம்பு கொண்டு போனாள், துரை கம்பைக் கடித்து முறித்தது. ரொட்டித் துண்டுகளை வீசி எறிந்துவிட்டு ஓடிப் பார்த்தாள், துரை எல்லாவற்றையும் தின்றுவிட்டு, இன்னும் தெம்பாய் வந்தது. கடைசியில் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர்தான் சொன்னாராம்: "ரெண்டு நாய்க்கும் நடுவுல நீங்க நில்லுங்க. கயித்தை இழுத்துப் புடிக்காதிய, ஒங்க பயம் கயித்து வழியாப் போயி ஒங்க நாய்க்கு ஏறிரும். அது பாஞ்சு வந்தா மூஞ்சிக்கு நேரே குடையை டப்புனு விரிங்க. இவ்வளவு பெரிய உருப்படியான்னு மெரண்டு ஓடிரும்."

குழலி அப்படியேதான் செய்தாள். கயிற்றைத் தளர விட்டாள், நடுவில் நின்றாள், குடையை விரித்தாள். துரை மிரளவில்லை. அதுக்கு மிரளத் தெரியாது. முன்னங்கால், நெஞ்சு, முதுகு, வால் என்று முழுசாகக் குடைக்குள் பாய்ந்தது, கறுப்புத் துணி ஒரு தரம் உப்பி அடங்கியது. சாயங்காலம் ஆனதும் பண்டகசாலையின் ஷட்டரை இழுத்து மூடுகிற பழக்கமோ என்னவோ, குழலி மறு யோசனை இல்லாமல் குடையை மடக்கி, பட்டனையும் போட்டுவிட்டாள்.

அண்ணாச்சி செருப்பில்லாமல் ஓடி வந்தார். "துரை எங்கட்டி?"

"உள்ள இருக்காரு."

அவர் குடையை வாங்கிக் காதில் வைத்துக் கேட்டார். மூச்சுவிடுகிற சத்தம் கேட்டதாம். பட்டனில் கை வைத்தவரைக் குழலி தடுத்தாள். "திறக்காதிய அண்ணாச்சி. திறந்தா இங்கன நிக்குத என் பட்டாணி கதி என்னாகும்?"

"அப்ப எந்துரை கதி?"

இதற்குள் தெரு கூடிவிட்டது. ஸ்டேஷனுக்குப் போகலாம் என்றார்கள், போனார்கள். ஏட்டையா குடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நாயைக் காணோம்னா எழுதிக்கிடலாம். நாய் இன்ன எடத்துல இருக்குன்னு தெரிஞ்ச பெறகு என்னத்த எழுத?" என்று அனுப்பிவிட்டார். டாக்டர் குடையின் மேல் குழாயை வைத்துப் பார்த்து, நெஞ்சு நன்றாக அடிக்கிறது, மழையில் நனைக்காமல் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். நனையாமல் வைக்கக் குடைக்கு ஒரு பிளாஸ்டிக் உறை தைக்க வேண்டியதாயிற்று, நான்தான் என் மிஷினில் தைத்துக் கொடுத்தேன்.

அப்புறம் அது தெருவின் அன்றாடத்தில் ஒன்றாகிவிட்டது. கறிச்சோற்றை உருட்டி மடிப்புக்குள் தள்ளினால் உள்ளே போகும், குலுக்கினால் ஒரு பருக்கை விழாது. தண்ணீரும் அப்படியே. குரைப்பு மட்டும் கிடையாது. குடையை அண்ணாச்சி தனியாக வைத்துக்கொள்ளக் குழலி விடமாட்டாள், பாசத்தில் திறந்துவிடுவார் என்று பயம். குழலி தனியாக வைத்துக்கொள்ள அண்ணாச்சி விடமாட்டார், கோபத்தில் வாய்க்காலில் எறிந்துவிடுவாள் என்று பயம். ஆகவே பகலில் அவர் வீட்டிலும் இரவில் இவள் வீட்டிலும் என்று முறை வைத்தார்கள், சாயங்காலம் துரைக்கும் காற்றாட வேண்டுமில்லையா, இரண்டு பேரும் சேர்ந்து கரைக்குப் போனார்கள். கைப்பிடியை அண்ணாச்சியும் முனையைக் குழலியும் பிடித்துக்கொள்ள, பட்டாணி குழலியின் மறுபக்கமாய் நடந்தது. முதல் நாள் மூத்திரம் போனபோது பட்டாணி காலைத் தூக்கியது, தூக்கியதுதான், இறக்கவே இல்லை. நான் சிரித்த சிரிப்பில் என் வீட்டுக்காரர் வெளியே வந்து என்ன என்று கேட்டார்.

அண்ணாச்சி நாயோடு நடந்து போனது அதுதான் முதல் தடவை. கேட்டைத் திறந்துவிட்டால் அதுவே போய்வரும் என்று நினைத்திருந்தவருக்கு, கூட நடப்பதென்றால் என்னவென்று அப்போதுதான் தெரிந்தது. வழியில் ஆட்கள் வணக்கம் சொன்னார்கள், பதில் சொல்ல வேண்டியிருந்தது. வணக்கம் வளர்ந்து பேச்சாயிற்று. சிமெண்ட் விலை, மகள் பெங்களூரில் இருப்பது, வீட்டுக்காரி வைக்கும் அவியல் என்று அவர் பேசப் பேசக் குழலி ம் கொட்டிக்கொண்டே போவாள். ஒரு நாள் என்னிடம் வந்து, "யக்கா, பட்டாணிக்குக் காது தேவலையான்னு இன்னைக்குக் கேட்டுட்டாரு" என்றாள். கண் கலங்கியிருந்தது. மனுஷருக்கு ஒரு கேள்வி கேட்க இத்தனை மாசம் ஆகியிருக்கிறது, ஆனாலும் கேட்டாரே என்று எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

இப்படி நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்ததைக் கெடுத்தது என் வீட்டுக்காரர். ரயில்வேயில் பார்சல் ஆபீசில் இருந்து ரிட்டயர் ஆனவர், எதையும் கலைந்து கிடக்கப் பார்த்தால் அவருக்குச் சோறு இறங்காது. எங்கள் மகளுக்கு வளைகாப்பு. தெருவே வந்திருந்தது, சாரலில் நனைந்த குடைகளோடு. அன்று காலை அண்ணாச்சி கைக்கு இன்னும் மாறாத துரை குடையை வீட்டில் விட்டுவரப் பயந்து குழலி கையோடு கொண்டுவந்து, தனியாக ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டிருந்தாள். எங்கள் மகள் கையில் வளையல் ஏறுகிற நேரத்தில், இந்த மனுஷன் வாசல் ஈரமாகிறதென்று ஒவ்வொரு குடையாக உதறி, உறை போட்டதை உறையைக் கழற்றிக் காயப்போட்டு, அத்தனையையும் பெரிய அண்டாவுக்குள் கைப்பிடி ஒரே பக்கம் பார்க்கிற மாதிரி அடுக்கிவிட்டார்.

எங்கள் தெருவில் எல்லாரும் சாரலுக்கு முன் ஒரே கடையில்தான் குடை வாங்குவோம். எல்லாமே கறுப்பு, எல்லாமே வளைந்த கைப்பிடி. அடையாளத்துக்குப் பெயரின் முதல் எழுத்தை வெள்ளை நூலில் தைத்துக்கொள்வோம். அதுவும் உள்பக்கம்தான் தைப்போம், வெளியே தைத்தால் ஊசி ஓட்டை வழியாய் ஒழுகும். யாருடைய குடை என்று தெரிய வேண்டுமென்றால் விரிக்க வேண்டும். விரித்தால் துரை வரும்.

ஐந்துவகைச் சாதமும் சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தவர்கள் அண்டாவைச் சுற்றி நின்றார்கள். அண்டாவில் ஒரு முனகல்கூட இல்லை.

"அட கோட்டிக்கார மனுஷா!" என்றேன் நான்.

"அடுக்கித்தானே வச்சேன்?" என்றார் அவர்.

ஆளுக்கொரு குடையை எடுத்துக்கொண்டு, விரிக்காமல், நனைந்துகொண்டே வீட்டுக்குப் போனார்கள். அன்றிலிருந்து எங்கள் தெருவே நனைந்தது. மடக்கிய குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தலையில் சாரல் சொட்டச் சொட்டக் கடைக்குப் போனோம், கோயிலுக்குப் போனோம். புதுக் குடை வாங்கலாமே என்று கேட்பீர்கள். சொந்தக் குடையை ஆணியில் தொங்கவிட்டுவிட்டு இன்னொன்று வாங்க எங்கள் தெருவில் யாருக்கும் மனசு வராது. வெளியூர்க்காரர்கள் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள், சிரிக்கட்டும். வீட்டுக்கு வீடு சுக்குக் கஷாயம் கொதித்தது. எல்லாக் குடைக்குள்ளேயும் சோறு தள்ளிப் பார்த்தோம். வேற்றுக் கை என்ற வீம்போ என்னவோ, எதுவும் உள்ளே போகவில்லை, டாக்டர் குழாயை வைத்துப் பார்த்தும் எதிலும் ஒன்றும் கேட்கவில்லை, தெருக் குடைகள் எல்லாவற்றிலும் எறும்பு வந்ததுதான் மிச்சம்.

அண்ணாச்சி வீடு வீடாக வந்தார். ஒரு காலத்தில் வணக்கத்துக்குப் பதில் சொல்லாதவர், எங்கள் வீட்டு ஆணியில் தொங்கிய குடையின் முன்னால் நின்றுகொண்டு, "துரை... ஏ துரை... சாப்பிட்டியா?" என்று கேட்டார். கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். ஒருத்தரும் சிரிக்கவில்லை. அவர் போன பிறகு என் வீட்டுக்காரர் அன்றைக்கு எதையும் அடுக்காமல் சும்மா உட்கார்ந்திருந்தார்.

பட்டாணி மறுபடியும் வாசலைத் தாண்டவில்லை. துரை இன்ன வீட்டில் இருக்கிறது என்று தெரிந்தால் அந்த வீட்டைப் பார்த்துப் பயப்படலாம். எந்த வாசலிலிருந்தும் வரலாமென்றால் அது எந்தப் பக்கம் நடக்கும்? வயிறு மறுபடி தம்மென்று ஆனது. குடித்த தண்ணீரை வாந்தி எடுத்தது. குழலி அதை மடியில் போட்டுக்கொண்டு ராத்திரியெல்லாம் வயிற்றைத் தடவிவிட்டாள், விடிந்ததும் அண்ணாச்சி வீட்டுக்குப் போனாள்.

"அண்ணாச்சி, இன்னும் விட்டா ரெண்டும் செத்துப்போகும். ஒங்க நாய் பட்டினியில, என் நாய் பயத்துல. துரை எதுக்குள்ள இருக்காருன்னு கண்டுபிடிக்க இந்த ஊர்லயே ஒருத்தனாலதான் முடியும்."

"யாரு?"

"பட்டாணி."

அண்ணாச்சி நாற்காலியிலிருந்து எழுந்தார். பிறகு உள்ளே போய், சிமெண்ட் மூட்டை கட்டுகிற தடிக் கயிறு ஒன்றை எடுத்து வந்தார்.

அன்று சாயங்காலம் தெருவே குடைகளோடு கரைக்குப் போனது. கரை நெடுக வரிசையாய் நின்று, ஆளுக்கொரு குடையை மடக்கியபடி முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டோம். சாமி புறப்பாட்டுக்குக் காத்திருக்கிற மாதிரி அப்படி ஒரு அமைதி. குழலி பட்டாணியை அங்கே வரை தூக்கி வந்து கீழே விட்டாள். கயிற்றைத் தளர விட்டாள். அவளுக்குப் பயம் இருந்திருக்கும், ஆனால் கயிறு தளர்ந்தேதான் இருந்தது. பட்டாணிக்கும் குடைகளுக்கும் நடுவில் அவள் நடக்க, அவள் காலோடு ஒட்டிக்கொண்டு அது வந்தது. பால்காரர் குடை, தாண்டியது. டீக்கடைக்காரர் குடை, தாண்டியது. என் குடை, முகர்ந்து பார்த்துவிட்டுத் தும்மியது, எறும்பு ஏறியிருக்கும். என் வீட்டுக்காரர் குடைக்கு முன்னால் வந்ததும் நின்றது. வால் காலுக்கிடையே போனது, உடம்பெல்லாம் உதறியது. ஆனாலும் ஓடவில்லை. நின்று, குழலியை அண்ணாந்து பார்த்தது.

"அதானா கைப்பிடி எப்பவும் வெதுவெதுன்னு இருந்துச்சு!" என்றார் என் வீட்டுக்காரர். அதை ஊன்றிக்கொண்டுதான் தினமும் ரேஷன் கடைக்குப் போய்வந்துகொண்டிருந்தார்.

"வெதுவெதுன்னு இருந்தா வாயைத் திறந்து சொல்லப்படாதா வே?" என்றார் அண்ணாச்சி.

"புதுக் குடை, அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன்."

குழலி பட்டாணியின் கயிற்றை என் கையில் கொடுத்தாள். "யக்கா, இழுத்துப் புடிக்காதிய" என்றாள். குடையை வாங்கிக்கொண்டு தள்ளிப் போய், வாய்க்காலைப் பார்த்துத் திரும்பி நின்றாள். அண்ணாச்சி கயிற்றில் சுருக்குப் போட்டுப் பக்கத்தில் நின்றார். நான் பிடித்திருந்த கயிறு வழியாக என் பயம் போய்விடக் கூடாதே என்று மனசுக்குள் குழல்வாய்மொழி அம்மனைக் கும்பிட்டேன்.

பட்டனைக் கழற்றினாள். விரித்தாள்.

துரை விழுந்தது. எலும்பும் தோலுமாக, முடியெல்லாம் குடைத்துணி மாதிரி மடிப்பு மடிப்பாய்ப் படிந்து, கண் கூசி நின்றது. அண்ணாச்சி முட்டி போட்டு அதைக் கட்டிக்கொண்டு அழுதார், அப்படியே சுருக்கையும் கழுத்தில் மாட்டிவிட்டார். நல்லவேளை மாட்டினார். துரை அவர் முகத்தை ஒரு நக்கு நக்கியது, உடம்பை உதறியது, தலையைத் திருப்பிப் பட்டாணியைப் பார்த்தது. அவ்வளவுதான். இத்தனை நாள் இருட்டில் கிடந்ததில் நல்லது கெட்டது எதையும் அது கற்றுக்கொள்ளவில்லை. அதே உறுமல், அதே பாய்ச்சல். அண்ணாச்சியைச் சேற்றில் குப்புறத் தள்ளி இழுத்தது. அவர் இழுபட்டார். முழங்கை உரசி ரத்தம் வந்தது, வேட்டியெல்லாம் சேறு. கயிற்றை மட்டும் விடவில்லை.

"குழலி! இவன் கடிப்பான்! கடிக்கிற நாய்தான் இவன்!" என்று கத்தினார். "நான் புடிச்சிருக்கேன். நீ ஒம் பிள்ளையைக் கூட்டிட்டுப் போ தாயி!"

குழலி ஓடி வந்து பட்டாணிக்கு முன்னால் நின்றாள். அவள் கையில் இருந்த குடை விரிந்தபடி இருந்தது, அதைத் துரையின் பக்கம் திருப்பினாள். அதைப் பார்த்துப் பால்காரர் தன் குடையை டப்பென்று விரித்தார். பிறகு டீக்கடைக்காரர். பிறகு நான். விரிக்கப் பயந்து நாங்கள் நனைந்த அத்தனை குடைகளும் சோற்றுப் பருக்கையும் எறும்புமாய் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு விரிந்தன. கரையின் குறுக்கே ஒரு கறுப்புச் சுவர் எழுந்தது. அந்தப் பக்கம் துரை உறுமியது, அண்ணாச்சி அதோடு மல்லுக்கட்டி, அதட்டி, கொஞ்சி, கொஞ்சம் கொஞ்சமாய் வீட்டைப் பார்த்து நடத்திக்கொண்டு போகிற சத்தம் கேட்டது. இந்தப் பக்கம் பட்டாணி மட்டும்.

அது எங்களை ஒவ்வொருத்தராய்ப் பார்த்தது. பூவரசைச் சுற்றி வந்தது, முகர்ந்தது, திருப்தியில்லாமல் மறுபடி ஒரு சுற்று வந்தது. பிறகு காலைத் தூக்கியது. சாரல் வலுத்து எங்கள் முதுகெல்லாம் நனைந்தது, குடைகளை நாங்கள் தலைக்கு மேல் பிடிக்காமல் அந்தப் பக்கமாய்ப் பிடித்திருந்தோம். குழலி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், அழுதாள், இரண்டும்தான். என் கையிலிருந்த குடையை வாங்கிப் பக்கத்துக் குடையோடு இடைவெளி இல்லாமல் சேர்த்துப் பிடித்திருந்த என் வீட்டுக்காரருக்குத் தோள் வலித்திருக்கும். அது முடிக்கிறவரைக்கும் ஒருத்தரும் குடையை மடக்கவில்லை.